சாதாக் கெண்டையில் நல்ல வாரிசு எடுப்பது எப்படி: சேலத்துக் குட்டைகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

மேட்டூர், ஓமலூர், ஆத்தூர்ப் பக்கம் பண்ணைக்குட்டையில் மீன் வளர்ப்பவர்களில் பலர் ஒரு காரியத்தைத் தெரியாமலே செய்துகொண்டிருக்கிறார்கள். வலை இழுக்கும்போது நல்ல எடை நிற்கிற மீனெல்லாம் வியாபாரியின் பெட்டிக்குப் போய்விடுகிறது. விலை போகாத சின்னது மட்டும் குட்டையில் தங்குகிறது. அடுத்த மழைக்கு அதுதான் முட்டை போடுகிறது. சாதாக் கெண்டைக்கு (காமன் கார்ப்) ஊசியும் வேண்டாம், ஆற்றோட்டமும் வேண்டாம். ஓரத்தில் கொஞ்சம் பாசி இருந்தால் விடிவதற்குள் போட்டுவிடும். இப்படி நாலைந்து வருடம் போனால், மெதுவாக வளர்ந்து, சீக்கிரம் சினை பிடித்து, தலை பெருத்து வால் ஒல்லியாக நிற்கும் ஒரு கூட்டம்தான் மிஞ்சும். அப்புறம் தீவனத்தையும் தண்ணீரையும் குறை சொல்வோம்.

அந்தத் தெரிவைத் திருப்பிப் போடுவதுதான் இந்த வழிகாட்டி. தேவையானவை: 30 சென்ட் அளவில் ஒரு குட்டை, மூன்று நான்கு சிறு தொட்டிகள், இரண்டு டஜன் ஹாப்பா (தண்ணீருக்குள் பெட்டி போலக் கட்டும் நுண்வலை), கிராம் காட்டும் தராசு, அளவுகோல், ஒரு கெட்டி அட்டை நோட்டு. ஒரு தலைமுறைக்கு ஒரு வருடம் ஆகும். மூன்று தலைமுறை பொறுமை இல்லாதவர்கள் அரசுப் பண்ணையில் நல்ல குஞ்சு வாங்கி விடுவதே மேல். அதில் ஒரு குறையும் இல்லை.

ஏன் சாதாக் கெண்டை

சந்தையில் கட்லாவுக்கும் ரோகுவுக்கும் இருக்கிற மரியாதை சாதாக் கெண்டைக்கு இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் கட்லா முதிர இரண்டு மூன்று வருடம் ஆகும், ஊக்கி ஊசி போட்டால்தான் முட்டையிடும். ரோகுவில் வேலை ஏற்கெனவே நடந்துவிட்டது. புவனேஸ்வரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் நார்வே நிபுணர்களோடு சேர்ந்து 1992-இல் தொடங்கி, பல ஆறுகளின் ரோகுவைக் கலந்து, தலைமுறைக்குச் சுமார் 17 சதவீதம் வளர்ச்சி கூட்டியது. அதுதான் 1997-இல் வெளியான ஜெயந்தி ரோகு. அதை வாங்கி வளர்க்கலாம். வீட்டில் உட்கார்ந்து மறுபடி செய்ய வேண்டியதில்லை.

ஜிலேபி மீனும் (திலாப்பியா) அப்படித்தான். 1988-இல் பிலிப்பைன்சில் எகிப்து, கானா, கென்யா, செனகல் நாட்டு மீன்களையும் ஆசியப் பண்ணை மீன்களையும் கலந்து தொடங்கிய திட்டத்தில் பிறந்ததுதான் கிஃப்ட் ஜிலேபி. தலைமுறைக்கு 12 முதல் 17 சதவீதம் வரை வளர்ச்சி கூடியது. அதை வளர்க்கத் துறையின் அனுமதி வேண்டும், குஞ்சை அங்கீகாரம் பெற்ற பொரிப்பகத்தில் வாங்க வேண்டும். அங்கேயும் பெரும்பாலும் ஆண் குஞ்சாகவே தருவார்கள். அதிலிருந்து வாரிசு எடுக்க வழியில்லை.

சாதாக் கெண்டையோ ஒரு வயதுக்குள் முதிரும், நம் ஊர் வெயிலைத் தாங்கும், தவிடு புண்ணாக்கிலேயே வளரும். அதன் பெரிய குறையே சீக்கிரம் சினை பிடிப்பதும் வயிறு தொங்குவதும்தான். இரண்டையும் தெரிவால் ஓரளவு சரிசெய்யலாம்.

அடித்தளக் கூட்டம்

தொடங்கும்போது எவ்வளவு வேற்றுமையான மீன்கள் இருக்கின்றனவோ அவ்வளவுதான் பின்னால் கறக்க முடியும். ஒரே பொரிப்பகத்தில் ஒரே நாளில் வாங்கிய ஆயிரம் குஞ்சுகள் நாலைந்து தாய்களின் பிள்ளைகளாக இருக்கலாம். அதற்குள் எத்தனை தலைமுறை தெரிவு செய்தாலும் அண்ணன் தங்கையைத்தான் சோடி சேர்த்துக்கொண்டிருப்போம்.

அதனால் குறைந்தது மூன்று இடங்களிலிருந்து சேர்க்க வேண்டும். மேட்டூர் அரசு மீன் பண்ணை, பவானிசாகர், நம்பிக்கையான ஒரு தனியார் பொரிப்பகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹங்கேரியிலிருந்து கர்நாடகத்தின் ஹெசரகட்டாவுக்குக் கொண்டுவரப்பட்ட அமூர் வகைக் கெண்டை கிடைத்தால் கட்டாயம் சேருங்கள். நம் ஊர்க் கெண்டையைவிடத் தாமதமாக முதிர்வதால், தின்ற தீவனம் முட்டைக்குப் போகாமல் சதைக்குப் போகும்.

இந்த வரத்து மீன்களில் செதிலையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். உடல் முழுக்கச் செதில் இருப்பதும், பெரிய செதில்கள் அங்கங்கே மின்னும் கண்ணாடிக் கெண்டையும் பிரச்சினை இல்லை. நடுக்கோட்டில் மட்டும் ஒரு வரிசைச் செதில் ஓடுவதும், செதிலே இல்லாமல் வழவழவென்று இருப்பதும் வேண்டாம். அந்த இரண்டிலும் உள்ள ஒரு மரபணு தாய், தகப்பன் இரு பக்கமும் வந்து சேர்ந்தால் முட்டையிலேயே கால் பங்கு செத்துவிடும். பிழைத்தவையும் மந்தமாகத்தான் வளரும்.

வருடக் கணக்கை மழையோடு பொருத்துங்கள்

சாதாக் கெண்டை தை, மாசியிலும் முட்டையிடும், ஆடி, ஆவணியிலும் இடும். தையில் எடுத்த குஞ்சு பங்குனி, சித்திரை வெயிலில் தண்ணீர் வற்றும் நேரத்தில் குட்டையில் நிற்கும். கிணற்றில் தண்ணீர் இருப்பவர்களுக்கு அது ஒத்து வரலாம். மற்றவர்களுக்கு ஆடிப் பட்டம்தான் சரி. ஆடியில் முட்டை, புரட்டாசி வரை நாற்றங்கால், ஐப்பசியில் மழைத் தண்ணீர் நிறைந்த சோதனைக் குட்டை, பங்குனியில் எடை. குட்டை வற்றும்போது கையில் இருக்க வேண்டியது தேர்வான எழுபது எண்பது மீன்கள் மட்டும்தான். அவற்றை நிழல் வலை கட்டிய தொட்டியில் கோடையைத் தாண்ட வைத்துவிடலாம். அடுத்த ஆடிக்கு அவை ஒரு வயதைத் தொட்டு முட்டைக்குத் தயாராக இருக்கும். இதில் இன்னொரு வசதியும் உண்டு: புரட்டாசியில் பாதி ஊர் கவிச்சி தொடாது, மீன் விலை படுத்துவிடும். குட்டையைக் காயப்போட்டு, சுண்ணாம்பு அடித்து, சோதனைக்குத் தயார் செய்ய அதைவிட நல்ல மாதம் கிடையாது.

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துக் குட்டை வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்தில் மார்கழி, தை மாதத் தண்ணீரில் கெண்டை தீவனமே சரியாக எடுக்காது. அங்கே தையில் முட்டைக்கு முயல்வது வீண். சோதனைக் காலத்தையும் நீட்டிக்கொள்ள வேண்டும். அதைவிட முக்கியமான விஷயம்: மலைமேல் முதலிடம் பிடித்த மீன் கீழே ஓமலூர்க் குட்டையிலும் முதலிடம் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. எங்கே விற்கப் போகிறீர்களோ, எங்கே வளரப் போகிறதோ, அங்கேதான் தெரிவு செய்ய வேண்டும்.

சோடியும் அணியும்

இங்கேதான் பெரும்பாலான ஆட்கள் சறுக்குகிறார்கள். அழகான ஆண் நாலு, பெரிய பெண் இருபது என்று ஒரே தொட்டியில் விட்டுவிடுவார்கள். எண்ணிக்கை 24 என்று தோன்றும். ஆனால் மரபுக் கணக்கு வேறு. ஆண் எண்ணிக்கையையும் பெண் எண்ணிக்கையையும் பெருக்கி, அதை நாலால் பெருக்கி, மொத்த எண்ணிக்கையால் வகுத்தால் வருவதுதான் உண்மையான கூட்டத்தின் அளவு. நாலு ஆண், இருபது பெண் என்றால் வெறும் 13. உறவுக் கலப்பு ஒரே தலைமுறையில் 3.75 சதவீதம் ஏறிவிடும். 24 ஆண், 24 பெண் என்றால் கூட்டத்தின் அளவு 48, ஏற்றம் சுமார் 1 சதவீதம். அந்த ஒரு சதவீதத்துக்குள் நிற்பதுதான் நம் இலக்கு. பெரிய திட்டங்கள் 50 சோடி, அதற்கு மேலும் வைக்கும். சிறு பண்ணைக்கு 24 தாங்கும்.

24 சோடிகளையும் ஆறு ஆறாக நாலு அணிகளாகப் பிரியுங்கள். முதல் வருடம் வெவ்வேறு இடத்திலிருந்து வந்த மீன்களை வெவ்வேறு அணியில் வைத்தால் நல்லது. இந்த அணிப் பிரிப்பின் பயன் பிறகு தெரியும்.

முட்டைக்கு மூன்று வாரம் முன்பே ஆணையும் பெண்ணையும் தனித்தனித் தொட்டியில் பிரித்து, தீவனம் குறைவில்லாமல் போடுங்கள். ஆணின் வயிற்றை லேசாக அழுத்தினால் வெள்ளையாகப் பால் வரும், மார்புத் துடுப்பு கைக்குச் சொரசொரக்கும். பெண்ணின் வயிறு மெத்தென்று இருக்கும், மலவாய் சிவந்து உப்பியிருக்கும். பிறகு இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலமுள்ள ஹாப்பாவில் சோடிக்கு ஒன்றாக, மாலை நேரத்தில் புதுத் தண்ணீரோடு விடுங்கள். முட்டை ஒட்டும் தன்மை உள்ளது. அதனால் வேலம்பாசியோ, பிரித்துக் கட்டிய பிளாஸ்டிக் சாக்கு நாரோ ஹாப்பாவுக்குள் தொங்க வேண்டும். போர்வெல் தண்ணீரை நேராக விடாதீர்கள். அதில் பிராணவாயு இருக்காது. ஒருநாள் தொட்டியில் தேக்கி, மேலிருந்து கொட்டிய பிறகு பயன்படுத்துங்கள்.

பெரும்பாலான சோடிகள் முதல் இரவோ இரண்டாம் இரவோ முடித்துவிடும். முடித்ததும் தாயையும் தகப்பனையும் வெளியே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் தன் முட்டையைத் தானே தின்னும். முட்டை 25 முதல் 28 டிகிரியில் இரண்டு மூன்று நாளில் பொரிக்கும். ஓர் அணிக்குள் உள்ள ஆறு சோடிகளும் மூன்று நாளுக்குள் முட்டையிட்டிருக்க வேண்டும். அணிக்கும் அணிக்கும் நடுவே நாலைந்து நாள் தள்ளிப்போனால் பரவாயில்லை. பத்து நாள் பிந்திய சோடியை அந்த வருடம் விட்டுவிட வேண்டியதுதான்.

நாற்றங்காலில் சமன் செய்வது

ஒரு கிலோ பெண் ஒன்று முதல் இரண்டு லட்சம் முட்டை போடும். அத்தனையையும் வளர்க்க ஆசை வரும். வேண்டாம். சோடிக்கு ஐந்நூறு நுண்குஞ்சு மட்டும் தனி ஹாப்பாவில் வைத்து, மீதியை வழக்கமான வளர்ப்புக் குட்டைக்கு அனுப்பிவிடுங்கள். எல்லா ஹாப்பாவிலும் ஒரே எண்ணிக்கை, ஒரே தீவனம். வேகவைத்த முட்டை மஞ்சள் கருவைத் துணியில் வடிகட்டி முதல் சில நாள், பிறகு சாணிக் கரைசலில் பெருகிய நுண்ணுயிர், பிறகு தூள் தீவனம்.

விரலளவு வந்ததும் ஒவ்வொரு ஹாப்பாவிலிருந்தும் 50 குஞ்சுகளை எடுக்க வேண்டும். பார்த்துப் பொறுக்காதீர்கள். வலையில் வந்ததை அப்படியே எண்ணுங்கள். ஊனமாக இருப்பதை மட்டும் ஒதுக்கலாம். இந்த வயதில் பெரிதாகத் தெரிவது பெரும்பாலும் முதல் நாள் முந்தித் தின்ற குஞ்சு. அது மரபு வேகம் அல்ல, முந்திக்கொண்ட அதிர்ஷ்டம்.

அணியை அடையாளம் காணத் துடுப்பு வெட்ட வேண்டும். முதல் அணிக்கு இடது வயிற்றுத் துடுப்பு, இரண்டாவதுக்கு வலது, மூன்றாவதுக்கு இரண்டும், நான்காவதுக்கு எதுவும் இல்லை. கூரான கத்தரியால் அடியோடு வெட்ட வேண்டும், நுனியை வெட்டினால் இரண்டு மாதத்தில் முளைத்துவிடும். வெட்டியதும் உப்புத் தண்ணீரில் முக்கி விடுங்கள். துடுப்பு வெட்டிய அணி கொஞ்சம் பின்தங்கினாலும் கவலை இல்லை. நாம் அணிக்குள்ளேதான் ஒப்பிடப் போகிறோம்.

இதே வயதில் வெளியிலிருந்து வாங்கிய நூறு சாதாரணக் கெண்டைக் குஞ்சுகளும் வேண்டும். அவற்றுக்கு இடது மார்புத் துடுப்பை வெட்டிச் சேர்த்துவிடுங்கள். இவைதான் சாட்சி மீன்கள். இந்த நூறு குஞ்சின் செலவை மிச்சம் பிடிப்பவர்களுக்குத் தன் வேலை பலித்ததா இல்லையா என்று கடைசிவரை தெரியாது.

சோதனைக் குட்டை

நாலு அணி, அணிக்கு 300, சாட்சி 100. மொத்தம் 1,300 மீன். சதுர மீட்டருக்கு ஒன்று என்று கணக்கிட்டால் 32 சென்ட் வேண்டும். எல்லாம் ஒரே குட்டையில், ஒரே நாளில் இறங்க வேண்டும். அணிக்கு ஒரு குட்டை என்று பிரித்தீர்களானால் பிறகு ஒப்பிடுவது மீனையா குட்டையையா என்று தெரியாமல் போகும்.

தீவனத்தில் ஒரே ஒரு விதி: நீங்கள் வழக்கமாக எப்படி வளர்ப்பீர்களோ அப்படியே போடுங்கள். ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஆலைத் திப்பி (ஜவ்வரிசி ஆலையில் மிஞ்சும் மரவள்ளிச் சக்கை) மலிவு. அதைக் கலந்து வளர்ப்பவர் சோதனையிலும் திப்பி கலந்தே போட வேண்டும். சோதனைக்கென்று விலை உயர்ந்த மிதவைத் தீவனம் போட்டுத் தேர்ந்தெடுத்த மீன், திப்பியும் தவிடும் தின்னும்போது அதே வேகம் காட்டும் என்பதற்கு உறுதி இல்லை. ஆனால் எந்தத் தீவனமானாலும் ஒரே மூலையில் கொட்டக் கூடாது. கெண்டையில் ரவுடிகள் உண்டு. தொடக்கத்தில் பத்து கிராம் அதிகம் இருந்த மீன் மற்றவற்றை ஒதுக்கித் தள்ளித் தின்று, ஆறு மாதத்தில் இரு மடங்காக நிற்கும். நாலைந்து இடத்தில் பரவலாகப் போட்டால் இந்த அடாவடி குறையும். நீர்க்காகத்துக்கும் கொக்குக்கும் மேலே வலை கட்டுங்கள். பறவை எடுத்துப் போவது எந்த மீனை என்று நமக்குத் தெரியாது.

எடை போடும் நாள்

முந்தின நாளே தீவனம் நிறுத்த வேண்டும். வயிறு நிறைந்த மீனுக்கும் காலி வயிற்று மீனுக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் தேர்வையே கெடுத்துவிடும். விடியற்காலையில் வலை இழுத்து, குட்டையின் ஓரத்திலேயே ஹாப்பாவில் அடையுங்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்கப் பாருங்கள். முடியாவிட்டால் இரண்டு காலையாகப் பிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் எல்லா மீனும் பட்டினியோடுதான் தராசுக்கு வர வேண்டும்.

முதல் சுற்றில் எடை மட்டும். ஒருவர் மீனைப் பிடித்து அணி அடையாளத்தையும் ஆணா பெண்ணா என்பதையும் சொல்ல, இன்னொருவர் தராசு பார்க்க, மூன்றாமவர் எழுத வேண்டும். சாதாக் கெண்டையில் பெண் ஆணைவிடச் சற்றுக் கூடுதலாக வளரும். இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்தால் தேர்வானதில் முக்கால்வாசி பெண்ணாகவே இருக்கும். ஆகவே அணிக்கு இரண்டு பட்டியல், மொத்தம் எட்டுப் பட்டியல். ஒவ்வொன்றிலும் எடையில் மேலே நிற்கும் 20 மீன்களைத் தனி ஹாப்பாவில் வையுங்கள். மற்றவை எல்லாம் விற்பனைக்கு.

உருவம்: கண்ணால் பார்த்தால் போதாது

இந்த 160 மீன்களை மட்டும் நிதானமாக அளக்க வேண்டும். துள்ளும் மீனை அளக்க முடியாது. பத்து லிட்டர் தண்ணீரில் அரை மில்லிக்கு உள்ளாகக் கிராம்பு எண்ணெயை, முதலில் கொஞ்சம் ஸ்பிரிட்டில் கரைத்துக் கலக்கினால் சில நிமிடத்தில் மீன் மயங்கிச் சாயும். செவுள் அசைந்துகொண்டிருக்க வேண்டும்; அசைவு குறைந்தால் உடனே நல்ல தண்ணீருக்கு மாற்றுங்கள். இந்த மருந்து பட்ட மீனை அன்றைக்கு யாருக்கும் விற்காதீர்கள்.

மூன்று அளவு போதும். மூக்கு நுனியிலிருந்து வால் துடுப்பு தொடங்கும் இடம் வரை உடல் நீளம்; வால் துடுப்பைச் சேர்க்காதீர்கள், அது கிழிந்திருக்கலாம். முதுகுத் துடுப்பு தொடங்கும் இடத்தில் மேலிருந்து கீழாக உடல் உயரம். மூக்கிலிருந்து செவுள் மூடியின் விளிம்பு வரை தலை நீளம்.

நீளத்தை உயரத்தால் வகுத்தால் வருவது உருவ எண். எண் குறையக் குறைய மீன் மேடான முதுகோடு இருக்கிறது என்று பொருள். ஐரோப்பியப் பண்ணைக் கெண்டைகளில் முதுகு கூன் போல எழும்பிய வகைகளைக்கூட இப்படித் தெரிந்தே வளர்த்திருக்கிறார்கள். ஜெர்மனியின் ஐஷ்குருண்ட் பகுதிக் கெண்டை அதற்குப் பேர்போனது. நம் கடையில் அவ்வளவு மேடு தேவையில்லை. துண்டு போடும்போது நடுத்துண்டு அகலமாக விழ வேண்டும், தலை கழிவு குறைய வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது பருமன் எண். கிராமில் எடையை 100-ஆல் பெருக்கி, சென்டிமீட்டரில் உடல் நீளத்தை மூன்று முறை பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். 650 கிராம், 28 செ.மீ. நீளம் என்றால் 65,000 வகுத்தல் 21,952, ஏறத்தாழ 2.96. இந்தக் கூட்டத்தில் பெரும்பாலான மீன்கள் 2.7-க்கும் 3.2-க்கும் நடுவில் நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அப்போது 600 கிராம், 25 செ.மீ. என்று ஒரு மீன் வருகிறது. கணக்குப் போட்டால் 3.84. பார்த்தால் கொழுகொழுவென்று, கட்டைகுட்டையாக, ஆசையாக இருக்கும். கையில் எடுத்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் முதுகின் இரு பக்கமும் வைத்து, தலையிலிருந்து வால் வரை மெதுவாக இழுத்துக்கொண்டே வாருங்கள். முதுகுத் துடுப்புக்குப் பின்னால் எங்கேயோ விரல் ஒரு முடிச்சில் இடறும், அல்லது செதில் வரிசை அந்த இடத்தில் நெருங்கி நெளிந்திருக்கும். முதுகெலும்பின் கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் குறுகிய மீன் அது. நீளம் வளர வேண்டிய இடத்தில் வளராததால் எண் பெரிதாகிவிட்டது. முட்டைப் பருவத்தில் தண்ணீர் அதிகம் சூடானாலும், குஞ்சுத் தீவனத்தில் வைட்டமின் சி குறைந்தாலும் இப்படி ஆகும்; மரபிலும் வரலாம். எது காரணம் என்று நம்மால் பிரிக்க முடியாது. கூட்டத்தின் சராசரியிலிருந்து எகிறி நிற்கிற பருமன் எண் எதுவானாலும் விரல் சோதனை செய்யாமல் சேர்க்காதீர்கள். செவுள் மூடி சுருண்டிருப்பது, கீழ்த்தாடை கோணியிருப்பது, வால் கட்டை மேல்நோக்கி வளைந்திருப்பது எல்லாம் அதே வகைதான்.

பெண் மீனில் இன்னொரு ஏமாற்று உண்டு. ஏழெட்டு மாதத்திலேயே சினை முட்டிய பெண் எடையிலும் தேறும், பருமனிலும் தேறும். எல்லாம் முட்டைக் கனம். அது நமக்கு எதிரி. வயிறு புடைத்து, மலவாய் சிவந்த பெண்ணைப் பங்குனியில் கண்டால் முதலிடத்தில் இருந்தாலும் தள்ளிவிடுங்கள். இதனால் அடுத்த ஆடியில் ஒன்றிரண்டு பெண் முட்டைக்குத் தயாராகாமல் போகலாம். அதற்காகத்தான் உபரி மீன் வைக்கச் சொல்கிறேன்.

யாரை வைப்பது

எட்டுப் பட்டியலிலும் உள்ள இருபதில், ஊனமும் முன்சினையும் போனபின் மிஞ்சியவற்றை எடை வரிசையிலேயே நிறுத்துங்கள். அதில் உருவ எண்ணோ தலை அளவோ கூட்டத்தின் சராசரியைவிட மோசமாக இருப்பதைத் தள்ளிக்கொண்டே வந்து, முதல் ஒன்பதை எடுங்கள். ஆறு சோடிக்கு, மூன்று உபரி. எட்டுப் பட்டியலுக்கு மொத்தம் 72 மீன்.

எடை முதலில், உருவம் அடுத்து. இந்த வரிசையை மாற்ற வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நிறம் பளிச்சென்று இருக்கிறது, மீசை நீளம், கண் அழகு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் எடைக்கென்று அழுத்தம் மிஞ்சாது. ஒரே தலைமுறையில் எல்லாவற்றையும் கேட்டால் எதுவும் கிடைக்காது.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்

ஒரு மீன் பெரிதாக இருப்பதற்குக் காரணம் பாதிக்கு மேல் தீவனமும் இடமும் அதிர்ஷ்டமும்தான். பிள்ளைக்குப் போய்ச் சேரும் பங்கு, வளர்ச்சி விஷயத்தில், பல ஆய்வுகளில் 20 முதல் 40 சதவீதத்துக்குள் வருகிறது. கூட்டத்தின் சராசரி 500 கிராம், நீங்கள் தேர்ந்தெடுத்தவற்றின் சராசரி 650 என்றால் வித்தியாசம் 150. அதில் கால் பங்கு என்று வைத்தால் அடுத்த தலைமுறை 537 கிராம் அளவில் நிற்கும். ஏழரை சதவீதம். 'தகப்பன் 900 கிராம், பிள்ளையும் 900 வரும்' என்று சொல்லிக் குஞ்சு விற்பவரைக் கண்டால் நகர்ந்துவிடுங்கள். ஏழரை சதவீதம் சின்னதாகத் தோன்றினாலும் ஒவ்வொரு வருடமும் முந்தைய வருடத்தின் மேல் ஏறும். தீவனச் செலவைப் போலத் திரும்பத் திரும்பக் கையைக் கடிக்காது.

ஏறாமலும் போகலாம். 1960-களில் இஸ்ரேலில் மோவ், வோல்ஃபார்த் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதே சாதாக் கெண்டையில் ஐந்து தலைமுறை வேகமான வளர்ச்சிக்குத் தெரிவு செய்தார்கள். முன்னேற்றமே இல்லை. அதே கூட்டத்தில் மெதுவான வளர்ச்சிக்குத் தெரிவு செய்தபோது மட்டும் நன்றாக இறங்கியது. குறுகிய அடித்தளம், ஏறிக்கொண்டே போன உறவுக் கலப்பு என்று பிறகு காரணம் காட்டினார்கள். நம்மூரில் சின்ன மீனைத் தாயாக விட்டுவிடுவது எவ்வளவு சுலபமாகப் பலிக்கும் என்பதற்கும், மேலே ஏற்றுவதற்கு ஏன் சோடி எண்ணிக்கையைக் கட்டிக் காக்க வேண்டும் என்பதற்கும் அந்த ஒரு பரிசோதனை போதும்.

ஆண்களைச் சுற்றுவது

அடுத்த ஆடியில் முதல் அணியின் ஆண்கள் இரண்டாம் அணியின் பெண்களோடு, இரண்டின் ஆண்கள் மூன்றோடு, மூன்று நான்கோடு, நான்கு ஒன்றோடு சேர வேண்டும். குஞ்சு தாயின் அணி எண்ணையே பெறும். இப்படிச் செய்தால் கூடப்பிறந்தவை ஒருபோதும் சோடி சேராது, மீனுக்கு மீன் பெயர் எழுதி வைக்க வேண்டிய அவசியமும் இல்லை. உடம்புக்குள் செலுத்தும் சிப் வாங்க வசதி இருப்பவர்கள் வாங்கலாம், பதிவு துல்லியமாகும். ஆனால் சிப் இல்லாததால் யாரும் தொடங்காமல் இருக்க வேண்டாம்.

ஒருவரிடம் நாலு அணிக்கு இடமில்லை என்றால் நாலு பேர் சேர்ந்து, ஆளுக்கு ஓர் அணி வைத்துக்கொள்ளலாம். ஓமலூர்க்காரரின் ஆண்கள் மேச்சேரிக்கு, மேச்சேரியின் ஆண்கள் ஆத்தூருக்கு என்று சுற்றலாம். அப்போது அவரவர் குட்டையில் அவரவர் அணியை மட்டும் ஒப்பிட்டால் போதும். மீன் கைமாறும்போது பேன், பூசணம் கைமாறாமல் இருக்க, வந்த மீனை இரண்டு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள்.

முன்னேற்றம் நிஜமா என்று பார்ப்பது

போன வருடம் சராசரி 500, இந்த வருடம் 580 என்றால் சந்தோஷப்படலாம், ஆனால் நம்பக் கூடாது. நல்ல மழை பெய்திருக்கலாம், தண்ணீர் கூடுதலாக நின்றிருக்கலாம். சாட்சி மீன்கள் அதே வருடம், அதே குட்டையில் எவ்வளவு நின்றன என்று பாருங்கள். நம் மீனுக்கும் சாட்சிக்கும் உள்ள இடைவெளி முதல் வருடம் 10 கிராம், இரண்டாம் வருடம் 40, மூன்றாம் வருடம் 70 என்று விரிந்தால் வேலை நடக்கிறது. சாட்சியை ஒவ்வொரு வருடமும் ஒரே இடத்தில் வாங்குங்கள். இடம் மாறினால் அளவுகோலே மாறிவிடும்.

இடைவெளி விரியவில்லை என்றால் முதலில் நோட்டைப் புரட்டுங்கள். எத்தனை சோடி உண்மையில் முட்டையிட்டது? ஏட்டில் 24 இருந்தும் 9 சோடியின் குஞ்சுதான் பிழைத்தது என்றால் கூட்டம் அங்கேயே சுருங்கிவிட்டது. பொரிப்பு குறைவது, ஊனக் குஞ்சு கூடுவது இரண்டும் உறவுக் கலப்பின் முதல் அறிகுறிகள். அப்போது வெளியிலிருந்து புது ஆண்களைக் கொண்டுவர வேண்டியதுதான், ஆனால் ஏரியில் வலை போட்டுக் கிடைத்த எதையும் அல்ல. பூர்வீகம் தெரிந்த, முடிந்தால் அமூர் வகை ஆண்கள். நம் தெரிவு மீன்களையும் ஏரியிலோ மலை ஓடையிலோ விட்டுவிடாதீர்கள். சாதாக் கெண்டையே நம் தண்ணீருக்கு வந்தேறிதான், சேற்றைக் கிளறி மற்ற மீன்களின் இடத்தைக் கெடுக்கும்.

புது ஆண்களுக்குப் பிறந்த குஞ்சுகளை எடுத்த எடுப்பில் அணியில் கலக்காதீர்கள். முதல் வருடம் வலது மார்புத் துடுப்பை வெட்டி, அதே சோதனைக் குட்டையில் விட்டு, பங்குனியில் சாட்சியோடும் அணிகளோடும் எடை பார்த்து, தேறினால் மட்டும் ஓர் அணியில் இடம் கொடுங்கள்.